இரண்டு கால்களுக்கு நடுவே நாற்பது வோல்ட்

(முண்டியம்பாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் ஒரு பக்கம். மைக் செட் வைத்திருப்பவர்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் பேட்டரி வேலையும் லாரி ஒயரிங்கும் பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு தரப்பும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் இரண்டு தரப்பின் மேசையிலும் கிடப்பதுதான். கட்டைவிரல் நீளத்தில் ஒரு நீல நிற போர்டு. நடுவில் ஐந்து கால் ஐசி. பக்கத்தில் ஒரு காயில், இரண்டு கெபாசிட்டர், திருகி வோல்டேஜ் மாற்ற ஒரு பிரிசெட். ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த ஐசியின் பெயர் எல்எம்2596. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் கொண்டுவந்தது. 2011இல் அந்த நிறுவனத்தையே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கிவிட்டதால் இப்போது அவர்கள் பெயரில் வருகிறது.

இது பக் ரெகுலேட்டர். அதிக வோல்டேஜை வாங்கிக் குறைத்துக் கொடுக்கும். உள்ளே 24 வோல்ட் கொடுத்தால் வெளியே 12, அல்லது 5, நீங்கள் திருகி வைத்தபடி. உள்ளீடு 40 வோல்ட் வரை போகலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. இந்த 40 என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இதே போர்டை வைத்து மைனஸ் வோல்டேஜ் எடுக்கும்போது அந்த 40 வேறு ஒரு கணக்காக மாறிவிடுகிறது. அதைக் கவனிக்காமல் செய்யும் வேலை முதல் நாள் ஓடும், பத்தாம் நாளும் ஓடும், ஒரு நாள் காரணமே தெரியாமல் செத்துப்போகும். "டூப்ளிகேட் ஐசி" என்று சொல்லி வேறு ஒன்றை வைப்போம். அதுவும் போகும். இந்தச் சுழலிலிருந்து நம் பிள்ளைகள் வெளியே வரவேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

முதலில், மைனஸ் எதற்கு?

மைக் செட்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் மிக்சரிலும் டோன் போர்டிலும் இருக்கும் 4558 ஆப்-ஆம்ப் ஐசிக்கு பிளஸ் 12, மைனஸ் 12 இரண்டும் வேண்டும். குரல் என்பது மைக்கில் ஏறி இறங்கும் ஒரு வோல்டேஜ். சுழிக்கு மேலேயும் போகும், கீழேயும் போகும். கீழே போகும்போது அதைத் தாங்கிப் பிடிக்க மைனஸ் லைன் வேண்டும். 1968இல் ஃபேர்சைல்டு நிறுவனம் 741 என்ற ஆப்-ஆம்பை வெளியிட்ட காலத்திலிருந்தே பிளஸ் 15, மைனஸ் 15 என்று இரட்டை சப்ளை கொடுப்பது பழக்கமாகிவிட்டது. கரண்டில் ஓடும் செட்டில் இது சிரமமே இல்லை. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் நடு ஒயர் கிரவுண்டு, ஒரு பக்கம் 7812, மறு பக்கம் 7912. வேலை முடிந்தது.

பேட்டரியில் அந்த நடு ஒயர் கிடையாது. வண்டியில் இருப்பது ஒரு பிளஸ்ஸும் பாடி எர்த்தும் மட்டும்தான். 2024 ஜூலையில் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் நடந்தபோது இந்தப் பக்கத்து ஊர்ச் சாலைகளில் எத்தனை பிரசார வண்டிகள் ஓடின என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். வண்டிக்குள் மிக்சர், எக்கோ, ஆம்ப்ளிஃபையர் என்று எதை வைத்தாலும் மைனஸ் லைனை யாராவது உண்டாக்கித்தான் ஆகவேண்டும்.

மைனஸ் தேவைப்படும் இன்னொரு இடமும் இந்த ஊரில் இருக்கிறது. 2010இல் தொடங்கிய அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சின் மேல் ஒட்டும் மின்முனையில் வரும் சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட். அதோடு தோலுக்கும் மின்முனைக்கும் இடையே உண்டாகும் வோல்டேஜும் சேர்ந்துகொள்ளும். அது பிளஸ்ஸாகவும் இருக்கலாம், மைனஸாகவும் இருக்கலாம். 300 மில்லிவோல்ட் வரை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கருவி தாங்கவேண்டும் என்று தரவிதி சொல்கிறது. ஈசிஜி பெருக்கியை புராஜெக்டாகச் செய்யும் மாணவர்கள் மைனஸ் சப்ளை தேடுவது இதனால்தான். அவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். நான் இன்று சொல்லும் சர்க்யூட்டில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் பிரிக்கும் காப்பு எதுவும் கிடையாது. மனித உடம்பில் ஒட்டும் எதையும் இதோடு சேர்த்துச் சுவர் பிளக்கில் மாட்டாதீர்கள். மருத்துவக் கருவிக்கான தனிமைப்படுத்திய சப்ளை வேறு ஜாதி. உங்கள் தோழனின் நெஞ்சில் ஒட்டிப் பார்க்கும் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு வழி இதுவல்ல.

இப்போது விஷயத்துக்கு வருவோம். குறைத்துக் கொடுக்கும் ஐசி எப்படி மைனஸ் கொடுக்கிறது?

இந்த ஐசிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வெளியீட்டு முனைக்கும் தன் கிரவுண்டு காலுக்கும் இடையே 12 வோல்ட் இருக்கவேண்டும். அது குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். "கிரவுண்டு" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே வெளியீட்டு முனையை, அதாவது போர்டில் அவுட் பிளஸ் என்று போட்டிருப்பதை, எடுத்து நம் கிரவுண்டில் கட்டிவிடுகிறோம். வண்டி என்றால் பாடியில். வெளியீடு சுழியில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது. 12 வோல்ட் வித்தியாசம் வேண்டுமே? ஐசியின் கிரவுண்டு கால் 12 வோல்ட் கீழே இறங்குகிறது. போர்டில் அவுட் மைனஸ் என்று இருக்கும் இடம் இப்போது மைனஸ் 12. நமக்கு வேண்டிய லைன் கிடைத்துவிட்டது. ஒரு பாகமும் புதிதாக வாங்கவில்லை, இணைப்பை மாற்றியதோடு சரி.

உள்ளே என்ன நடக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். சுவிட்ச் மூடும்போது பேட்டரியின் வோல்டேஜ் முழுவதும் காயிலின் மேல் விழுந்து, அதில் கரண்ட் வளர்கிறது. அப்போது வெளியீட்டுக்கு எதுவும் போவதில்லை. சுவிட்ச் திறந்ததும் காயில் தன் கரண்டை விடாது. அது டயோடு வழியாக மைனஸ் லைனிலிருந்து கரண்டை இழுத்துக் கிரவுண்டுக்குத் தள்ளுகிறது. அந்த இழுப்பில்தான் லைன் சுழிக்குக் கீழே போகிறது. எல்எம்2596இல் இது வினாடிக்கு ஒன்றரை லட்சம் முறை நடக்கிறது.

இனி அந்த 40க்கு வருவோம். ஐசியின் உள்ளீட்டுக் காலில் பேட்டரி பிளஸ் இருக்கிறது. 24 என்று வையுங்கள். அதன் கிரவுண்டு கால் பாடியில் இல்லை, அது 12 வோல்ட் கீழே இருக்கிறது. இரண்டு கால்களுக்கும் இடையே எவ்வளவு? 24 அல்ல. 36.

கிணற்றில் கயிறு அளக்கிறோம். தண்ணீர் தரையிலிருந்து பன்னிரண்டு அடி ஆழத்தில் இருக்கிறது. கப்பி தரைக்கு மேலே நான்கு அடி உயரத்தில் இருக்கிறது. தரையிலிருந்து மட்டும் அளந்து பன்னிரண்டு அடிக் கயிறு வாங்கினால் வாளி தண்ணீரைத் தொடாது. கயிற்றுக்குத் தரை எங்கே இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. கப்பியிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரம்தான் அதற்குக் கணக்கு.

ஐசியின் எல்லையும் அப்படி அதன் இரண்டு கால்களுக்கு நடுவே அளக்கப்படுவது. எனவே மைனஸ் 12 எடுக்கும் எல்எம்2596க்கு உள்ளீட்டு எல்லை 40 அல்ல, 40இலிருந்து 12 போக 28. மைனஸ் 5 எடுத்தால் 35. மைனஸ் 15 எடுத்தால் 25. வெளியீடு ஆழமாகப் போகப் போக உள்ளீட்டுக்கு இடம் குறைந்துகொண்டே வரும். இன்னொன்றும் பாருங்கள். முதலில் பேட்டரியைத் தொட்ட கணத்தில் வெளியீடு இன்னும் சுழியில்தான் இருக்கிறது. அப்போது ஐசி பார்ப்பது வெறும் 24. சில மில்லி வினாடிகள் கழித்து மைனஸ் முழுதாக இறங்கிய பிறகுதான் 36. அதனால் மேசையில் வைத்து "தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வது எதையும் நிரூபிக்காது.

28 வோல்ட் எல்லை என்றால், 24 வோல்ட் லாரிக்குத் தாராளம் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

லாரியில் 24 வோல்ட் என்பது பெயர். இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரியலில். எஞ்சின் நின்றிருக்கும்போது, பேட்டரி நிறைந்திருந்தால் மீட்டரில் 25 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 27.6 முதல் 28.8 வரை போகும். பேட்டரி வேலை செய்யும் தம்பிகளுக்கு இது தினமும் பார்க்கும் எண். 28.8ஐயும் 12ஐயும் கூட்டுங்கள். 40.8. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை, ரெகுலேட்டர் சரியாக இருக்கிறது, டிரைவர் நிதானமாக ஓட்டுகிறார். அப்போதே ஐசி எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த ஐசியின் அறுதி எல்லை 45 வோல்ட். அதனால்தான் உடனே சாகாமல் பல நாள் ஓடுகிறது. அறுதி எல்லை என்பது வேலை செய்யும் இடம் அல்ல, அதைத் தாண்டினால் ஐசி சேதமாகலாம் என்று உற்பத்தியாளர் போட்ட கோடு. 40க்கும் 45க்கும் இடையே தினமும் ஓட்டுபவருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இது அமைதியான நாளின் கணக்கு. வண்டிகளின் மின்சாரத்துக்கான ஐஎஸ்ஓ 16750 என்ற உலகத் தரத்தில், 24 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 36 வோல்ட்டை ஒரு மணி நேரம் தாங்கவேண்டும். நம் கணக்கில் 36ம் 12ம் 48. அறுதி எல்லையும் போய்விட்டது.

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. லோட் டம்ப் என்பார்கள். பேட்டரி இறங்கிக் கிடக்கிறது, ஆல்டர்னேட்டர் முழு மூச்சாகச் சார்ஜ் ஏற்றுகிறது. டெர்மினலில் உப்புப் பூத்து, கிளாம்ப் தளர்ந்து, ஒரு குழியில் வண்டி இறங்கும்போது ஒயர் கழன்றுவிடுகிறது. பேட்டரி குடித்துக்கொண்டிருந்த அத்தனை கரண்டுக்கும் போக இடமில்லை. ஆல்டர்னேட்டரின் காந்தப்புலம் உடனே அடங்கிவிடாது. லைன் வோல்டேஜ் மேலே பாய்கிறது. தடுப்பு எதுவும் இல்லாத 24 வோல்ட் வண்டிக்கு அதே தரம் வைத்திருக்கும் சோதனை அளவு 151 முதல் 202 வோல்ட். 12 வோல்ட் வண்டிக்கு 79 முதல் 101. இது சில நூறு மில்லி வினாடிகள் நீடிக்கும். ஐசிக்கு அது ஒரு யுகம். கரும்புப் பருவத்தில் இங்கே ராஜ்ஸ்ரீ சர்க்கரை ஆலைக்கு வரும் வண்டிகளின் பேட்டரி டெர்மினல்களைப் போய்ப் பாருங்கள். உப்புப் பூத்த கிளாம்ப் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். இது அபூர்வமான விபத்து இல்லை என்பது புரியும்.

வோல்டேஜ் பாய்ச்சலை வெட்டும் டிவிஎஸ் டயோடு போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போடத்தான் வேண்டும். ஆனால் அதையும் கணக்கோடு போடவேண்டும். 24 வோல்ட் லைனுக்கு வழக்கமாக வைப்பது 33 வோல்ட் வகை. எஸ்எம்பிஜே33ஏ என்று கடையில் கிடைக்கும். 33 என்று பெயர் இருப்பதால் 33இல் வெட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். முழுக் கரண்டில் அது பிடித்து நிறுத்துவது 53.3 வோல்ட்டில். சாதாரண பக் வேலைக்கு 60 வோல்ட் ஐசி வைத்தால் 53 வந்தாலும் பிழைக்கும். மைனஸ் 12 எடுத்தால்? 53.3ம் 12ம் 65.3. அறுபது வோல்ட் ஐசியும் போகும். இதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளீட்டுக் காப்பைப் பக் வேலைக்கென்று தேர்ந்தெடுத்துவிட்டு, சர்க்யூட்டை மட்டும் மைனஸுக்கு மாற்றிவிடுகிறார்கள். அது மட்டுமல்ல, அந்தச் சிறிய டயோடால் லாரி ஆல்டர்னேட்டரின் முழு லோட் டம்ப் ஆற்றலையும் விழுங்கமுடியாது. அதற்குப் பெரிய அளவு வேண்டும்.

அதே 24 வோல்ட் இன்னொரு இடத்தில் முற்றிலும் வேறு குணம் கொண்டது. சர்க்கரை ஆலையின் கண்ட்ரோல் பேனலில் சென்சார்களுக்கும் ரிலேக்களுக்கும் 24 வோல்ட் சப்ளை இருக்கும். அதை எஸ்எம்பிஎஸ் கொடுக்கிறது. அங்கே ஆல்டர்னேட்டர் இல்லை, டெர்மினல் கழலும் பேட்டரி இல்லை. 24 என்றால் 24தான். அங்கே ஒரு சென்சார் பெருக்கிக்காக மைனஸ் 12 எடுத்தால் ஐசி பார்ப்பது 36, எல்லைக்கு நான்கு வோல்ட் மிச்சம். அதையும் நான் தைரியமாக விடமாட்டேன். அந்த எஸ்எம்பிஎஸ்களில் வோல்டேஜைத் திருகி உயர்த்த ஒரு பிரிசெட் இருக்கும். நீளமான ஒயரில் வோல்டேஜ் விழுகிறது என்று யாராவது 28க்குத் திருகி வைத்திருக்கலாம். ஆனாலும் அது திருகினால் தெரியும் எண். லாரியின் 28.8ஐப் போல் சாலைக்குச் சாலை மாறுவதில்லை. சர்க்யூட் வரைபடத்தில் "24 வோல்ட்" என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். யார் கொடுக்கும் 24 என்றும் எழுதுங்கள்.

சோலாருக்கும் ஒரு வார்த்தை. 36 செல் கொண்ட 12 வோல்ட் பேனல், லோடு இல்லாமல் வெயிலில் 21, 22 வோல்ட் காட்டும். மைனஸ் 12க்கு 34. பரவாயில்லை. 72 செல் கொண்ட 24 வோல்ட் பேனல் 44, 45 வோல்ட் காட்டும். மைனஸ் எடுப்பதற்கு முன்பே எல்எம்2596 அதற்கு ஆகாது. மார்கழிக் காலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது அந்த எண் இன்னும் ஏறும். பேனலிலிருந்து நேராக எடுக்காதீர்கள், சார்ஜ் கண்ட்ரோலருக்குப் பின்னால் பேட்டரியிலிருந்து எடுங்கள்.

மேல் எல்லையைப் பேசிவிட்டோம். கீழ் எல்லையும் உண்டு. அது வோல்டேஜில் தொடங்கிக் கரண்டில் முடிகிறது.

சாதாரண பக் வேலையில் காயிலின் சராசரிக் கரண்டும் வெளியீட்டுக் கரண்டும் ஒன்று. மைனஸ் வேலையில் அப்படி இல்லை. சுவிட்ச் மூடியிருக்கும் நேரத்தில் வெளியீட்டுக்கு எதுவும் போவதில்லை என்று சொன்னேன் அல்லவா? மிச்ச நேரத்திலேயே எல்லாவற்றையும் கொடுத்தாகவேண்டும். கணக்கு எளிது. உள்ளீட்டையும் வெளியீட்டின் அளவையும் கூட்டி உள்ளீட்டால் வகுங்கள். வரும் எண்ணால் வெளியீட்டுக் கரண்டைப் பெருக்குங்கள். உள்ளீடு 24, வெளியீடு மைனஸ் 12 என்றால் 36ஐ 24ஆல் வகுக்க ஒன்றரை. ஒரு ஆம்பியர் எடுத்தால் காயிலில் ஒன்றரை ஆம்பியர். உள்ளீடு 12 ஆனால் இரண்டு மடங்கு. செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 6 வோல்ட் வரை இறங்கும். அந்த நொடியில் மூன்று மடங்கு. இதற்கு மேல் காயில் கரண்டின் ஏற்ற இறக்கத்தில் பாதியையும் கூட்டிக்கொள்ளவேண்டும். மூன்று ஆம்பியர் ஐசி என்று வாங்கியது, ஒரு ஆம்பியர் மைனஸ் லைனுக்கே திணறும் நிலை வந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம் மாணவர்கள் கவனிக்கவேண்டும். ஐசி தொடங்குவதற்கு உள்ளீட்டில் நாலரை வோல்ட் அளவு வேண்டும். ஆனால் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அது பார்ப்பது உள்ளீட்டையும் 12ஐயும் சேர்த்து. பேட்டரி 4 வோல்ட்டுக்கு இறங்கினாலும் ஐசியின் கால்களுக்கு இடையே 16 இருக்கும். அது தன்னை நிறுத்திக்கொள்ள முயலாது. பேட்டரி சாகச் சாக இன்னும் அதிகக் கரண்டை இழுத்துக்கொண்டே ஓட முயற்சிக்கும். சிறிய சீல்டு பேட்டரியில் ஓடும் கருவி என்றால் பேட்டரி கெட்டுப்போவதற்கு இதுவே போதும். குறைந்த வோல்டேஜில் கழற்றிவிடும் தனிக் காவல் ஒன்று, பாடி கிரவுண்டிலிருந்து அளப்பதாக, முன்னால் இருக்கவேண்டும். தொடங்கும் கணத்திலும் இந்தச் சர்க்யூட் பெரிய கரண்டைக் கேட்கும், நாலரை ஆம்பியர் அளவுக்கு. மெல்லிய ஒயரும் பலவீனமான அடாப்டரும் அங்கேயே தோற்கும். தொடங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் சர்க்யூட்டை டேட்டாஷீட்டே வரைந்து காட்டியிருக்கிறது, அதைப் போடுங்கள்.

இப்போது ஐசியைச் சுற்றி இருப்பவை. ஐசிக்கு நல்ல எல்லை பார்த்துவிட்டு டயோடை மறந்துவிடுவார்கள். சுவிட்ச் மூடியிருக்கும்போது டயோடின் மேல் விழுவதும் அதே கூட்டுத்தொகை. நீல போர்டில் இருப்பது பெரும்பாலும் எஸ்எஸ்34. அது 40 வோல்ட் டயோடு. கையால் கட்டுபவர்கள் வைக்கும் 1என்5822ம் 40தான். 60 வோல்ட் எஸ்எஸ்36 அல்லது 100 வோல்ட் எஸ்எஸ்310 வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவு இல்லை. உள்ளீட்டுக் கெபாசிட்டர் இப்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் மைனஸ் லைனுக்கும் நடுவில் நிற்கிறது, எனவே அதற்கும் கூட்டுத்தொகைதான் கணக்கு. 35 வோல்ட் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். அது போக, பிளஸ்ஸுக்கும் பாடி கிரவுண்டுக்கும் நடுவே இன்னொரு கெபாசிட்டர் தனியாக வேண்டும்.

மைக்ரோகண்ட்ரோலரால் இதை ஆன் ஆஃப் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. எல்எம்2596இன் ஆன்-ஆஃப் கால், ஐசியின் கிரவுண்டிலிருந்து அளந்தால் சுமார் 1.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஐசி ஓடும், மேலே போனால் நிற்கும். நீங்கள் சுழி வோல்ட் கொடுத்து "ஓடு" என்கிறீர்கள். ஓடத் தொடங்குகிறது, மைனஸ் லைன் இறங்குகிறது. 1.3 வோல்ட் இறங்கியதும் உங்கள் சுழி, ஐசியின் கண்ணுக்குப் பிளஸ் 1.3 ஆகிவிடுகிறது. நின்றுவிடுகிறது. வெளியீடு ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருக்கும், எந்த பாகத்தை மாற்றினாலும் சரியாகாது. சிக்னலைக் கீழே இறக்கிக் கொடுக்க ஒரு டிரான்சிஸ்டரோ ஆப்டோகப்ளரோ வேண்டும்.

ஐசி ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். சுவிட்ச் ஷார்ட் ஆனால் பேட்டரி பிளஸ், காயில் வழியாக நேரே பாடிக்குப் போகிறது. சாதாரண பக் வேலையில் இந்தப் பழுது எதிரில் இருக்கும் கருவியைக் கொல்லும், இங்கே ஒயரை எரிக்கும். ஆகவே ஃபியூஸ் இல்லாமல் கட்டாதீர்கள். உள்ளீட்டுக் காலும் கிரவுண்டு காலும் உள்ளே ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். மைனஸ் 12 இருக்கவேண்டிய லைனில் பிளஸ் 24 வந்து நிற்கும், 4558 அத்தனையும் தலைகீழ் வோல்டேஜில் போகும். மைனஸ் லைனிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ஷாட்கி டயோடு, பட்டை போட்ட முனை கிரவுண்டில் இருக்கும்படி வையுங்கள். சுவிட்ச் போடும் கணத்தில் உள்ளீட்டுக் கெபாசிட்டர் வழியாக லைன் மேலே உதைக்கப்படுவதையும் அதே டயோடு தடுக்கும்.

"டூப்ளிகேட்" பற்றிப் பேசாமல் போகமாட்டேன், ஏனென்றால் அதுவும் உண்மைதான். மலிவு போர்டுகளில் பெயரை மட்டும் அச்சிட்ட ஐசிகள் நிறைய வருகின்றன. அசல் எல்எம்2596 150 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும். லோடு கொடுத்து அலைகாட்டியில் பாருங்கள். 50, 60 கிலோஹெர்ட்ஸ் காட்டினால் அது வேறு ஏதோ ஒன்று, அதன் உண்மையான எல்லை 40தானா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அசலையே எல்லையில் நிறுத்தக்கூடாது என்னும்போது, போலியை நிறுத்தவே கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? என் தீர்ப்பைச் சொல்கிறேன். எழுதியிருக்கும் எல்லையில் எண்பது சதவீதம்தான் எனக்கு. 40இல் அது 32. அதிலிருந்து 12 போக 20. 12 வோல்ட் வண்டி, சார்ஜில் 14.4 வந்தாலும் கூட்டுத்தொகை 26.4தான். நீல போர்டு அங்கே நிம்மதியாக ஓடும். யாராவது லாரி பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு 24 வோல்ட்டில் ஸ்டார்ட் செய்தாலும் 36, ஒரு நிமிடம் தாங்கிவிடும். லோட் டம்புக்கு மட்டும் முன்னால் தடுப்பு வேண்டும். 24 வோல்ட் லாரிக்கு அந்த போர்டில் நேராக மைனஸ் 12 எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்எம்5164 போன்ற 100 வோல்ட் ஐசி. 12 போனாலும் 88 மிச்சம், டிவிஎஸ் பிடிக்கும் 53க்கு இடம் தாராளம். ஒரு ஆம்பியர் ஐசிதான், ஆனால் மிக்சருக்கு வேண்டியது சில பத்து மில்லி ஆம்பியர்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் நம் கடைகளில் கிடைக்கும் பொருளாலேயே செய்யலாம். 60 வோல்ட் தாங்கும் எல்எம்2576எச்வி கொண்டு முதலில் 24ஐப் பிளஸ் 12ஆகக் குறையுங்கள். இது சாதாரண பக் வேலை, ஐசியின் கிரவுண்டு பாடியிலேயே இருக்கிறது, 53 வந்தாலும் எல்லைக்குள்தான். அந்த அமைதியான பிளஸ் 12இலிருந்து நீல போர்டால் மைனஸ் 12 எடுங்கள். அது பார்ப்பது 24 மட்டுமே, லாரியில் என்ன நடந்தாலும். உங்களுக்குப் பிளஸ் 12ம் எப்படியும் வேண்டும், இரண்டும் கிடைத்துவிட்டது. திறன் கொஞ்சம் போகும். மிக்சருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரே எச்சரிக்கை, இரண்டாவது போர்டின் இன் மைனஸ் முனை இப்போது மைனஸ் 12. அது வண்டி பாடியிலோ, முதல் போர்டின் கிரவுண்டிலோ, ஹீட்சிங்க் வழியாகக்கூடப் படக்கூடாது. ஐசியின் முதுகுத் தகடு அதன் கிரவுண்டோடு சேர்ந்தது. இரும்புப் பெட்டியில் திருகினால் மைகா ஷீட் வையுங்கள்.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைக்காதீர்கள், ஐசியின் கிரவுண்டு காலில் வையுங்கள். சிவப்பு முனை உள்ளீட்டுக் காலில். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை அழுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு அணைத்து, மீட்டர் காட்டும் அதிகபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் பேசிய கூட்டுத்தொகை அதுதான். பிறகு பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, "உள்ளீடு 20 வோல்ட்டுக்கு மேல் கூடாது, லாரிக்கு அல்ல" என்று தமிழில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் திண்டிவனத்தில் வேறு யாரோ ஒரு தம்பி அதை வேறு வண்டியில் மாற்றி மாட்டுவார். உள்ளே ஐசியின் கிரவுண்டை நீங்கள் எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்பது வெளியிலிருந்து பார்க்கும் அவருக்குத் தெரியாது.

போர்டுகளும் மீட்டரும் இந்த மேசையில் இருக்கின்றன. வாருங்கள், அளந்து பார்ப்போம். கேள்விகளை இங்கேயே வந்து கேளுங்கள்.